இருபத்திரண்டு சீட்டும் ஒரு சைகோன் கப்பலும்

மகளே,

உனக்கு இப்போது ஒன்பது மாதம். மூன்று பல் இருக்கிறது, நான்காவது வருகிறது. இந்தக் கடிதத்தை நீ படித்துப் புரிந்துகொள்ள இன்னும் இருபது வருஷம் ஆகும். 1957 என்று வைத்துக்கொள்வோம். அதுவரை பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்றால், முத்தியால்பேட்டையில் நாம் குடியிருக்கும் இந்த வீட்டில் கரையான் ஏறாத சுவர் கிடையாது. என் தொழிற்பள்ளிச் சான்றிதழையே பாதி தின்றுவிட்டது. ஆகையால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்துவிட்டால் ஊரில் உள்ள எல்லாக் கரையானும் சேர்ந்தாலும் எல்லாப் பிரதியையும் தின்ன முடியாது. எங்கேயாவது ஒன்று மிஞ்சும். ஊரார் படிப்பார்களே என்று உன் அம்மா தெரேஸ் கேட்டாள். படிக்கட்டும். இதில் வருகிற விஷயம் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும், மீதிப் பேர் தெரிந்துகொள்ளட்டும்.

மகளுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன்மார் நரை தட்டியவர்களாக இருப்பார்கள். எனக்கு இருபத்தேழு வயது. டவுன் பவர் ஹவுஸில் எஞ்சினும் டைனமோவும் என் பொறுப்பு; அது முடிந்தால் யார் வீட்டு ரேடியோ வாயை மூடிக்கொண்டதோ அங்கே போவேன். ஒழுக்கம், பொறுமை, பெரியோரை மதித்தல் இதெல்லாம் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை, நேரமும் இல்லை. பொறுமை என்பது என்னிடம் அறவே கிடையாது. பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் எழுந்து வெளியே போய் நின்றுவிடுகிற ஆள் நான். என்னிடம் இருப்பது ஒரு தவறு மட்டும். சமீபத்தில் செய்தது. நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோமா, அல்லது நீ நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்கிற மூன்று வருஷமும் நான் உன்னைப் பார்க்காமல் கடலுக்கு அப்பால் இருக்கப்போகிறேனா என்பது அந்தத் தவறால் சிக்கலாகிவிட்டது. அதை உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அமெரிக்கத் தேர்தலையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டும் என் மண்டையில் ஒரே சமயத்தில் ஓடியவை.

சைகோனிலிருந்து போன செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது. முன்பு இங்கே எங்கள் பவர் ஹவுஸில் தலைவராக இருந்து அங்கே மாற்றலாகிப்போன பிரெஞ்சு எஞ்சினியர் எழுதியிருந்தார். அங்கே புது டர்பைன் இறக்குகிறார்கள், எனக்குத் தெரிந்த கை ஒன்று வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம், மனு அனுப்பு என்றார். நான் அன்று மத்தியானமே மனுப் படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், சம்பளத்தைக் கூட இரண்டாவது தடவைதான் பார்த்தேன். டர்பைன்! இங்கே இருக்கிற எங்கள் எஞ்சின் எனக்கு முன்னால் பிறந்தது. அதன் இருமலை வைத்தே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வேன். ஒரு புது இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுகிற பாக்கியம் இந்த ஊரில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. அக்டோபரில் பதில் வந்தது: வேலை உனக்குத்தான், ஜனவரிக் கப்பலில் ஏறு.

அப்போதுதான் முதல்முதலாகச் சந்தேகம் வந்தது. இயந்திரத்தில் சந்தேகம் வந்தால் பிரித்துப் பார்ப்பேன். என்னிலேயே சந்தேகம் வந்தால் எதைப் பிரிப்பது? நீ அப்போது குப்புற விழக் கற்றுக்கொண்டிருந்தாய். நான் வேலையிலிருந்து வந்ததும் என் சட்டைப் பித்தானைப் பிடித்து வாயில் வைப்பாய். மூன்று வருஷம் என்பது எத்தனை பித்தான் என்று கணக்குப் போடத் தோன்றியது. போடவில்லை. அதற்குப் பதிலாக அமெரிக்காக்காரன் வழியைப் பின்பற்றினேன்.

இங்கே அமெரிக்கா எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் தெருவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இருக்கிறார். நம் ஜனம்தான், முத்தியால்பேட்டையில் பிறந்தவர்தான். பிரெஞ்சுச் சட்டம் படித்துப் பெரிய வீட்டுக்குப் போனவர். ஜட்ஜு ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வது. அவரிடம் ஒரு சிற்றலை ரேடியோ இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாக்கில் அமெரிக்க நிலையங்களைத் தேடித் திருப்புவேன். அங்கே இரவு என்றால் நமக்குக் காலை. ஆகவே அவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவதை நாம் காபி குடித்துக்கொண்டு கேட்கலாம். அவர்களுடைய ஜனாதிபதி தேசம் முழுவதும் பாங்கிகள் மூடிக்கிடந்த சமயத்தில் ரேடியோவில் உட்கார்ந்து, பாங்கி என்பது எப்படி வேலை செய்கிறது, நீ போட்ட பணம் எங்கே போகிறது என்று வீட்டு ஆளிடம் சொல்வது போல ஜனங்களிடம் சொன்னாராம். மறுவாரம் ஜனங்கள் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்களாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு கண். நல்லவரா கெட்டவரா என்று கேட்காதே, தெரியாது. ஆனால் ஆளுகிறவன் ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்று விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரன் ஆளுகிற நம் ஊரில் கவர்னர் மாளிகைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள், ஏன் என்று இருக்காது. அப்புறம் அவர்கள் ஆற்றை மறித்து அணை கட்டி, சர்க்காரே கரண்டு உண்டாக்கி, உழவன் வீட்டுக்குக் கம்பி இழுக்கிறார்கள். தனியார் கம்பெனிக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். போடட்டும். நான் பவர் ஹவுஸில் வேலை பார்க்கிறேன். என் வீட்டிலேயே மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிகிறது. நீ படிக்கிற 1957இல் இந்தத் தெருவுக்குக் கம்பி வந்துவிட்டதா?

தேர்தல் சமயத்தில், அமெரிக்காவில் ஒரு பெரிய வாரப் பத்திரிகை லட்சக்கணக்கில் தபால் கார்டுகளை வீட்டுக்கு வீடு அனுப்பி, உங்கள் ஓட்டு யாருக்கு என்று கேட்டது. வந்த கார்டுகளை எண்ணி, இப்போதைய ஜனாதிபதி தோற்பார், எதிர்த்து நிற்பவர் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. முந்தைய தேர்தல்களில் அந்தப் பத்திரிகை சொன்னது பலித்திருக்கிறது. எனக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று. சாமியாடிக் கேட்காமல், ஜோசியம் பார்க்காமல், எண்ணிப் பார்த்துச் சொல்கிறானே! லட்சக்கணக்கான கார்டு பொய் சொல்லுமா?

நானும் செய்தேன். மீட்டர் குறிக்கிற பழைய தாள்களை நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் “சைகோன் வேலைக்கு நான் போகலாமா? ஆம். இல்லை” என்று எழுதினேன். பெயர் எழுத வேண்டாம், ஒன்றுக்கு நேரே கோடு அடித்து டப்பாவில் போடுங்கள் என்றேன். ஃபியூஸ் கம்பி வருகிற தகர டப்பா. பவர் ஹவுஸில் கொடுத்தேன், கோவில் வாசலில் கொடுத்தேன், சைகோனிலிருந்து திரும்பி வந்தவர்களைத் தேடிப்போய்க் கொடுத்தேன். ஆலையில் நெசவு பார்க்கிற உன் தாத்தாவிடம் கொடுத்தபோது சீட்டை வாங்கவே இல்லை.

“சீட்டு என்னாடா சீட்டு, நான் என்னா ரகசியமாவா சொல்லப்போறேன்? போடா. ஜூலைல ஆலைக்குள்ள துப்பாக்கி வெடிச்சு ஆளுங்க செத்ததுக்கப்புறம் இந்த ஊர்ல இன்னும் என்னாத்துக்கு நிக்கிற?” என்றார்.

“அப்ப ஆம்னு அடிச்சுக் குடுப்பா.”

“நீயே அடிச்சுக்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் நீதான?”

மொத்தம் இருபத்திரண்டு சீட்டு. பத்தொன்பது ஆம், மூன்று இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா உன்னைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நீ கத்திக்கொண்டிருந்தாய். அந்தக் கத்தலுக்கு மேல் நானும் கத்தி, முடிவைச் சொன்னேன்.

“யாரு அந்த மூணு பேரு?” என்றாள்.

“தெரியாது. பேர் எழுதக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ரகசிய ஓட்டு.”

“நல்ல ரகசியம். கொழாயடில நாலு பேரு கேக்கறாங்க, ‘ஒங்க வூட்டுக்காரரு சைகோன் போறாராமே’ன்னு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்கு மட்டும் ரகசியமா வெச்சிருந்தீங்களாக்கும்?”

“வேல வந்தது ஒனக்குத் தெரியும்தான?”

“வேல வந்தது தெரியும். ஓட்டு நடந்தது தெரியாது. துண்ட எடுங்க, கொழந்தைக்குக் குளிருது.”

துண்டை எடுத்துக் கொடுத்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பத்தொன்பதுக்கு மூன்று என்பது எந்தத் தேசத்திலும் ஜெயிப்புத்தான்.

கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டாம் நாள், நவம்பர் நாலாம் தேதி காலை, ஜட்ஜு ஐயா வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். பவர் ஹவுஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வெளியே மழை. ரேடியோவுக்குள்ளே அதைவிடப் பெரிய மழை.

“என்னாப்பா, வடச்சட்டி மாதிரி பொரியுது?” என்றார் அவர்.

“மின்னல் ஐயா. வானம் கொஞ்சம் அடங்கணும்.”

“அமெரிக்காக்காரன் தேர்தல் வெச்சா நம்ம வானம் எதுக்குப்பா அடங்கணும்?”

ஒன்பதரை மணிக்குமேல் ஒரு குரல் மெல்ல மேலே வந்தது. ஒவ்வொரு மாகாணமாகப் பெயர் சொல்லி வாசித்தான். என் ஆங்கிலம் கம்பிக்கும் கண்டென்சருக்கும் போதுமான ஆங்கிலம். ஆனாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதை யாரும் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். தோற்பார் என்று சொல்லப்பட்டவர் ஜெயித்துக்கொண்டே போனார். பின்னால் கணக்குப் பார்த்தபோது இரண்டே இரண்டு மாகாணங்கள்தான் அவர் கையை விட்டுப் போயிருந்தன.

“யாருப்பா கெலிச்சது?”

“பழையவருதான் ஐயா.”

“ஒன் பத்திரிக சொன்னது?”

“தப்பாப் போச்சு.”

“அத்தினி லட்சம் கார்டும்?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம ஊர்ல இந்தத் தொல்லையே இல்ல பாரு. ரிசல்ட்டு மொதல்லயே தெரிஞ்சுடும். ஓட்ட அப்புறம் சாவகாசமாப் போட்டுக்கலாம்.”

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. நம் ஊர்த் தேர்தலில் கல்லறையில் படுத்திருப்பவர்களும் எழுந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். உயிரோடு இருப்பவன் போனால் வாசலில் தடிக்கம்பு நிற்கும். அமெரிக்காவிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதே. தெற்கு மாகாணங்களில் கறுப்பு ஜனங்களை ஓட்டுச்சாவடிப் பக்கமே விடுவதில்லையாம். ஆனால் அங்கே பெண்கள் ஓட்டுப் போடுகிறார்கள், மகளே. பாரீஸில் இருக்கிற மதாம்களுக்கே இன்னும் ஓட்டுக் கிடையாது. இது ஏன் என்று ஜட்ஜு ஐயாவைக் கேட்டேன். “புருஷன் சொல்றதுக்குத்தான் போடுவாங்க, ஒரே ஓட்ட ரெண்டு தடவ எண்ணி என்னா ஆவப்போவுது?” என்றார். எனக்கும் அது அப்போது சரி என்றுதான் பட்டது. எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஜனாதிபதி ஜெயித்ததால் எனக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அத்தனை லட்சம் கார்டு எப்படித் தப்பாகும்? ஒரு மீட்டர் தப்பாகலாம். ஆயிரம் மீட்டர் ஒரே பக்கம் தப்பாகுமா? சென்னையில் ரேடியோ கடையில் வேலை பார்க்கும் என் சிநேகிதனுக்கு எழுதி, ஆங்கிலப் பத்திரிகைகளில் இது பற்றி என்ன வந்தாலும் கத்தரித்து அனுப்பச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒரு உறை வந்தது. பத்திரிகைக்காரர்கள் விலாசங்களை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? டெலிபோன் புத்தகத்திலிருந்தும், மோட்டார் கார் சொந்தக்காரர்கள் பட்டியலிலிருந்தும். வேலை போய்க் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவனிடம் டெலிபோன் ஏது, கார் ஏது? அவனுக்குக் கார்டு போகவே இல்லை. ஓட்டுப் போட மட்டும் அவன் போய்விட்டான்.

படித்துவிட்டுச் சிரித்தேன். ஜட்ஜு ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தேன். என் டப்பா எனக்கு ஞாபகமே வரவில்லை. இவ்வளவு படித்தும் ஞாபகம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

அடுத்த வாரம் முதலியார்பேட்டைக் கோடியிலிருந்து ஒரு புகார். எங்கள் லைன் அங்கேதான் முடிகிறது. அங்கே ஒரு அரிசி மெஷின் வைத்திருப்பவர், விளக்கு மெழுகுவத்தி மாதிரி எரிகிறது என்று ஆள் அனுப்பினார். ஏணியைப் போட்டு ஏறி வோல்ட்மீட்டரை வைத்தேன். முள் பாதி வழியில் நின்றுவிட்டது. இது எங்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம். பவர் ஹவுஸ் வாசலில் அளந்தால் வோல்டேஜ் எப்போதும் ஜோராக இருக்கும். அங்கே நின்றுகொண்டு ஊர் முழுக்க வெளிச்சம் என்று சொல்கிறவன் மடையன். லைன் எங்கே முடிகிறதோ அங்கே போய் அளக்க வேண்டும். ஏணியின் மேல் நின்றுகொண்டு, மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குக் காது சூடாகியது. கீழே நின்ற மெஷின்காரர், “என்னாங்க, ஷாக் அடிச்சுடுச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, யாருக்குக் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியுமே. ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இருபத்திரண்டும் ஆண்கள். எட்டுப் பேருக்கு அண்ணனோ தம்பியோ சைகோனில் இருந்து மணியார்டர் அனுப்புகிறான். ஐந்து பேர் தாங்களே அங்கே இருந்து சம்பாதித்து வந்து மாடி கட்டியவர்கள். தான் செய்ததைத் தப்பு என்று எவன் சொல்வான்? பவர் ஹவுஸ் ஆட்களில் நாலு பேருக்கு நான் கிளம்பினால் என் ஸ்டூல் கிடைக்கும். உன் தாத்தா ஓட்டை நானே போட்டேன். டெலிபோன் புத்தகம் வைத்திருந்த அந்தப் பத்திரிகைக்காரன் என்னைவிட யோக்கியன்.

ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இது என்னா?”

“ஒனக்கும் ஒரு சீட்டு.”

“எனக்கு எதுக்குச் சீட்டு? வாய் இருக்குதே.”

“அப்ப வாயாலயே சொல்லு. போவலாமா, வேணாமா?”

கையைக் கழுவிக்கொண்டு வந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், என்னைவிட அழகாக எழுதுவாள். “இதுல நீங்க மட்டும் போறதப் பத்தித்தான இருக்குது. மூணு பேரும் போறதப் பத்தி நீங்க யாரையும் கேக்கலயே?” என்றாள்.

“நீ வருவியா?”

“ஏன், வந்தா கடல் கரிக்குமா?”

“கைக்கொழந்தைய வெச்சிக்கினு, அம்மா வூட்ட வுட்டுட்டு...”

“அம்மா வூடு எங்கயும் ஓடிப்போவாது. அங்க பெரிய ஆறு இருக்குதாமே, கடையெல்லாம் படகுலயே வந்து நிக்குமாமே? பூசைக்கு நம்ம ஜனங்க நெறைய பேரு வராங்களாமே? தையல் தெரிஞ்சவளுக்கு அங்க வேல கெடைக்குமாமே? லூர்துநாத மேஸ்திரி பொண்ணு அங்கேர்ந்து லீவுல வந்தப்ப எல்லாம் கேட்டு வெச்சிருக்கேன். அவங்க பாஷைல பத்து வரைக்கும் எண்ணக் கூடத் தெரியும். நீங்கதான் என்னக் கேக்கவே இல்ல.”

எண்ணியும் காட்டினாள். எட்டில் தடுமாறினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மகளே. நான் உட்பட, இருபத்திரண்டு பேரும் உட்பட, எல்லோரும் தெரேஸ் வரமாட்டாள் என்று வைத்துக்கொண்டுதான் பேசினோம். ‘போகாதீர்கள்’ என்று அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று கூடத் தயாராக இருந்தேன். அவளுக்கு என்னைவிடச் சைகோன் மேல் ஆசை அதிகம் என்பது என் கணக்கில் எங்குமே இல்லை. அன்று இரண்டு பேரும் மீன் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மறுநாள் எஞ்சினியருக்குத் தந்தி கொடுத்தேன்: மனைவி, குழந்தையோடு வருகிறேன், குடியிருப்புத் தேவை.

பதில் தந்தியும் பின்னாலேயே ஒரு கடிதமும் வந்தன. எஞ்சினியர் கோபக்காரர் இல்லை; ஆச்சரியப்பட்டிருந்தார். இந்த ஊரிலிருந்து இரண்டு பேரை எடுத்ததாகவும், குடும்பத்தோடு இருக்க ஒரே ஒரு வீடுதான் இருந்ததாகவும், அதை முதலில் எனக்கென்றே நினைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். ஆனால் மனுவில் ஒரு கேள்வி இருந்ததாம்: குடும்பம் உடன் வருமா? அதற்கு நேராக நான் “இல்லை” என்று எழுதியிருந்தேனாம். அதனால் வீட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தனியாட்கள் விடுதியில் ஒரு கட்டில் உண்டு. ஜனவரிக் கப்பலைத் தவற விட்டாலும் பிப்ரவரிக் கப்பல் வரை வேலையை எனக்காக வைத்திருப்பாராம், அதற்குமேல் முடியாதாம்.

நான் எழுதியது எனக்கே மறந்துபோயிருந்தது. செப்டம்பர் மத்தியானம், பவர் ஹவுஸ் மேஜையில் நின்றபடியே, பத்து நிமிஷத்தில் நிரப்பிய படிவம். வயது, படிப்பு, எந்தெந்த எஞ்சின் தெரியும் என்பதற்கெல்லாம் யோசித்து எழுதினேன். இந்தக் கேள்விக்கு யோசித்ததாகவே நினைவில்லை. உன் அம்மாவிடம் கடிதத்தைப் பிரெஞ்சிலிருந்து வாசித்துச் சொன்னேன். அந்த இடம் வந்தபோது நிறுத்தாமல் வாசித்தேன். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவள் கத்தவில்லை. “செப்டம்பர்லயா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் இரண்டு நாள் என்னிடம் தேவைக்குத்தான் பேசினாள்.

நான் ஏறுவதில்லை என்று விட்டுவிட்ட ஜனவரிக் கப்பல் வந்து கடலுக்குள் நின்றபோது, பார்க்கப் போகலாம் என்று அவளே சொன்னாள். நாம் மூன்று பேரும் போனோம். நீ தூங்கிக்கொண்டு வந்தாய். கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்திலிருந்து ஆட்களைப் படகில் இறக்கினார்கள்; படகு அலையில் ஏறி ஏறிக் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலியார்பேட்டை ஆலையில் ஃபிட்டராக இருந்த ஒருவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். முகம்தான் எனக்குத் தெரியும், பழக்கமில்லை. அவர் தோளில் சாக்குச் சுற்றிய ஒரு தையல் மெஷின். மனைவி பச்சைச் சேலை, ஒரு கையில் பெட்டி, பயத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். வீடு இவர்களுக்குத்தான் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

உன் அம்மா அந்தப் படகு சின்னதாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க வூட்டுக்காரரு அவங்களக் கேட்டிருக்காரு போல,” என்றாள். கோபம் இல்லாமல், ஒரு செய்தி சொல்வது மாதிரிச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் நான் அவளிடம் கேட்டேன். பிப்ரவரிக் கப்பலில் தனியாகப் போய் அங்கே ஒரு வீடு பார்த்து, ஒரு வருஷத்தில் உங்களை அழைத்துக்கொள்ள முயற்சி செய்யலாம். நடக்கும் என்று உறுதி இல்லை. அல்லது வேண்டாம் என்று எழுதிவிட்டு இந்தப் பழைய எஞ்சினோடு இருந்துவிடலாம். அவள் சொல்வதுதான் முடிவு, இந்தத் தடவை வேறு யாரையும் கேட்கவில்லை என்றேன்.

“இப்பவே சொல்லணுமா?”

“சீக்கிரம் சொன்னா நல்லது.”

“நீங்க ஊரெல்லாம் கேக்கறதுக்கு ஒரு மாசம் எடுத்துக்கினீங்க. எனக்கு ஒரு வாரம் குடுங்க. நானும் நாலு பேரக் கேக்கணும்.”

“யாரக் கேக்கப்போற?”

“சைகோன் போனவங்கள நீங்க கேட்டீங்க இல்ல? அவங்க பொண்டாட்டிங்கள நான் கேக்கறேன்.”

அமெரிக்க ஜனாதிபதி இந்த மாதம் இருபதாம் தேதி மறுபடி பதவி ஏற்கிறார். இதற்கு முன்பெல்லாம் நவம்பரில் ஜெயித்தவர் மார்ச் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். அது வீண் என்று சட்டத்தைத் திருத்தி ஜனவரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதைப் படித்தபோது என் மனசுக்குப் பிடித்த ஜனங்கள் என்று நினைத்தேன். அங்கே ஒன்பது நீதிபதிகள் அவர் போட்ட சட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துப் போடுகிறார்கள். இவ்வளவு ஓட்டு வாங்கியவர் அவர்களை என்ன செய்வார், அவர்கள் இவரை என்ன செய்வார்கள்? உனக்கு அது பழங்கதை. எனக்கு நாளைக்கு என்ன செய்தி வரும் என்று தெரியாது. அதைப் பற்றி யோசிப்பதாகத்தான் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் நான் யோசிப்பது வேறு. உன் அம்மா தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகிறாள். தனியாகக் குழந்தை வளர்த்தவள் வீடு, கடிதத்துக்குக் காத்திருந்தவள் வீடு, புருஷன் திரும்பி வந்து ஆளே மாறிப்போனவள் வீடு, நன்றாக இருக்கிறவள் வீடும்தான். திரும்பி வந்து விளக்கேற்றிச் சோறு போடுகிறாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “இன்னும் முடியல” என்கிறாள். நேற்று ஒரு வீட்டிலிருந்து கண் சிவந்து வந்தாள். முந்தாநாள் சிரித்துக்கொண்டு வந்தாள். எந்தக் கணக்கிலும் இது ஒரு பக்கம் சாயவில்லை. நான் இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்ததே கையைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருக்கத் தெரியாததால்தான்.

இன்று ஆறாவது நாள். இப்போது ஆறாவது வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் இரண்டு பேரும். எல்லா வீட்டிலும் அவள் இடுப்பில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள் நீ ஒருத்திதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. உன்னை வாங்கிக்கொள்கிறேன். எதுவும் கேட்கமாட்டேன்.

உன் அப்பா
முத்தியால்பேட்டை, 1937 ஜனவரி